உள்ளே வைத்த சந்தனம்

அக்கா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோதே உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வந்ததில்லை. நீங்கள் கேட்பீர்கள், நான் தலையாட்டுவேன். இப்போது பதில் வராத இடத்துக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் பயம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். இதுவரை இறங்கவில்லை.

கடையில் சந்தன வாசனை அடிக்கிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த டயர் கடையில் புது ரப்பரும் கிரீஸும் தவிர வேறு வாசனைக்கு இடமே கிடையாது. இன்று மத்தியானத்திலிருந்து அதற்குள் சந்தனம் கலந்து கிடக்கிறது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. உங்கள் கார் லிப்ட் மேல் சக்கரங்கள் இல்லாமல் நிற்கிறது. சக்கரம் போய் உட்கார வேண்டிய வட்டமான இரும்பு முகம் இருக்கிறதே, அந்த நான்கிலும் உங்கள் அம்மா தன் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் இருக்கின்றன. நாளைக் காலையில் நான் அவற்றைத் துடைத்தாக வேண்டும். அதுவும் அம்மா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அதை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. பேனா வழுக்குகிறது.

நீங்கள் இந்தக் கடைக்கு முதல்முறை வந்த நாள் ஞாபகம் வருகிறது. அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்டு லாரிக்கு ஒதுங்கப் போய், பள்ளத்தில் இறங்கி, முன்சக்கரத்தின் உள்விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. தரையை ஒட்டிய அந்த இரண்டு சீட்டு நீல வண்டி மெதுவாக உள்ளே வந்ததும் கடையே வேலையை நிறுத்திவிட்டது. பக்கத்து பரோட்டா கடையிலிருந்துகூட ஆள் வந்து போட்டோ எடுத்தார்கள். எங்கள் மேஸ்திரி பாலு அண்ணன் உங்களிடம் வந்து, "சார் வரலைங்களாம்மா?" என்று கேட்டார்.

"எந்த சாரு?"

"வண்டி ஓனருங்க."

"ஓனரு வெயில்ல நிக்கிறா. தண்ணி குடுத்தா உள்ள வருவா," என்றீர்கள்.

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். நேராக என் மேஜைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "என்னா படிச்சிருக்க புள்ள?" என்றீர்கள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்றேன். "வூட்ல மொத ஆளா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "நானுந்தான்," என்றீர்கள். குரும்பலூரில் உங்கள் வீட்டார் அடுத்தவர் வயலில் களை எடுத்துத்தான் உங்களைப் படிக்க வைத்தார்கள் என்பதும், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி வந்து இந்த வண்டியைப் பழையதாக வாங்கினீர்கள் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று அந்த "நானுந்தான்" மட்டும் போதுமாக இருந்தது.

விரிசல் விட்ட சக்கரத்தை ஒட்டித் தரச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. நான்கையும் மாற்றிவிடலாம் என்றீர்கள். போனில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். வெண்கல நிறம், மெல்லிய ஆரங்கள், வெயில் பட்டால் தகதகக்கிற சக்கரம். "எப்புடி இருக்கு?" என்று குழந்தை மாதிரிக் கேட்டீர்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது அது பெரிய அளவில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. சக்கரம் பெரிதானால் மேலே போடுகிற டயர் மெலிந்து வளையல் மாதிரி ஆகிவிடும். பள்ளத்தின் அடியெல்லாம் நேராகச் சக்கரத்துக்குப் போகும். போதாததற்கு அது இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். வளைவில் மட்கார்டைத் தேய்க்கும். முதலாளி ஏற்கனவே ஆர்டர் போட போனைக் கையில் எடுத்துவிட்டார். வந்த ஆளிடம் வேண்டாம் என்று நான் அதுவரை சொன்னதே இல்லை.

"அக்கா, இது வேணாம்," என்றேன்.

"ஏன்?"

"அரியலூர் ரோடு."

திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "ரெண்டே வார்த்தையில என் ஆசைய முடிச்சிட்டியே," என்று சிரித்துவிட்டு, மற்றதைக் காட்டச் சொன்னீர்கள். கடைசியில் பழையதைவிட ஒரு சுற்று சின்னதாக, சாம்பல் நிறத்தில், எந்த அலங்காரமும் இல்லாத சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வண்டியின் எடையைத் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்கள் பார்த்தீர்கள். நடு ஓட்டையின் அளவை நான் பார்த்தேன். முதலாளிக்கு மனசே இல்லை.

"இவ்ளோ பெரிய வண்டிக்கு இத்தினியூண்டு சக்கரமா மேடம்? யானைக்கு ஆட்டுக்கால் மாட்டுன மாதிரி இருக்கும்."

"ஆட்டுக்காலாவே இருக்கட்டும் சார். வூடு போய்ச் சேந்தா போதும்."

சக்கரம் சின்னதாகிவிட்டதால் உள்ளே இருக்கும் பெரிய பிரேக்கில் அது உரசுமோ என்று புதுப் பயம் வந்தது. அளந்து பார்க்க விரல் நுழையாத இடம். அதற்குப் பாலு அண்ணன் பரோட்டா கடையிலிருந்து ஒரு உருண்டை மாவு வாங்கி வந்தாரே! பிரேக்கின் மேல் அதை அப்பி, சக்கரத்தை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றி, திரும்பக் கழற்றி, மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று நாம் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். நல்ல கனமாகவே மாவு மிஞ்சியிருந்தது. "ஒரு பரோட்டா கணக்குக்கு இடம் இருக்கு," என்றார் பாலு அண்ணன். "சால்னா யாரு குடுப்பா?" என்று கேட்டீர்கள். மாவை வழித்துப் போட்டுவிட்டுத் துணியால் துடைத்தேன். மாவைத் துடைக்க யாருக்கும் கை கூசவில்லை.

புதுச் சக்கரங்கள் வந்து, இப்படி மாவு வைத்துப் பார்த்த அன்றுதான் ஆயுத பூஜை. லிப்ட், கம்ப்ரசர், போல்ட் முடுக்குகிற கன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் வண்டிக்கென்று அம்மா வீட்டிலேயே சந்தனம் அரைத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். வெளியே வைத்தால் மழையில் போய்விடும், சக்கரம் உட்காரும் முகத்தில் வைத்தால் அப்படியே நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. நான்கு முகத்திலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு," என்று நீங்கள் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினீர்கள். அதன் மேலேயே சக்கரத்தை வைத்து முடுக்கினார்கள்.

ஓட்டிப் பார்க்க என்னையும் ஏறச் சொன்னீர்கள். வாழ்க்கையில் நான் அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து போனதில்லை. லாரிச் சக்கரங்கள் என் முகத்துக்கு நேராகச் சுற்றின. பயத்தில் கதவுப் பிடியை விடவே இல்லை. நீங்களும் பயந்துதான் ஓட்டினீர்கள் என்பது எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். "இந்த வண்டிக்கு எவ்ளோ வேகம் தெரியும்னு எனக்குத் தெரியும் புள்ள. அதான் பயமா இருக்கு," என்றீர்கள்.

சோளக்கொல்லைகள் தொடங்குகிற இடத்தில் ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பித்தது. ரோடுதான் என்று நினைத்தோம். அப்புறம் என் கால் பக்கத்திலிருந்து தக், தக் என்று ஒரு சத்தம். நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விட்டு, ஓரம் கட்டினீர்கள். இறங்கி முன்சக்கரத்தின் போல்டைத் தொட்டேன். விரலாலேயே சுழன்றது. அடுத்ததைத் தொட்டேன். அதுவும்.

நீங்கள் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு சிமெண்டு லாரி நம்மைத் தாண்டிப் போன காற்றில் வண்டியே ஆடியது. அப்புறம் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே எழுந்து ஜாக்கியை எடுத்தீர்கள்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியதும் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. இரும்பும் சக்கரமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஈரச் சந்தனம் இருந்திருக்கிறது. போல்ட் இறுகியது சந்தனத்தின் மேல். ஓடுகிற சூட்டில் அது காய்ந்து பொடிய, அந்த அளவுக்கு இடம் விழுந்து, எல்லா போல்டும் தளர்ந்துவிட்டன. துடைக்க நம்மிடம் துணி இல்லை. என் துப்பட்டாவால் துடைத்தோம். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினோம்.

முடித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டீர்கள்.

"அம்மாகிட்ட மட்டும் இத எப்பவுமே சொல்லிடாத. அது அரைச்சுக் குடுத்த சந்தனம். தெரிஞ்சிச்சுன்னா அது உசுரோட இருக்காது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். கடையில் மட்டும் போய்ச் சொன்னோம். அன்றிலிருந்து இங்கே எந்த வண்டிக்கும் பொட்டு வெளியேதான். நீங்கள் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள். வேண்டிய இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லுகிற நீளமான ஸ்பானர். கன்னால் முடுக்கியவர் அதைத் தொடக்கூடாது, இன்னொரு ஆள்தான் கடைசியாகச் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு, அந்த இன்னொரு ஆளாக என்னை ஆக்கிவிட்டுப் போனீர்கள். இப்போதும் ஒவ்வொரு வண்டியும் என் கையிலிருந்து அந்த டிக் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போகிறது. ஆனாலும் ஒவ்வொரு வண்டியும் ரோட்டில் ஏறி மறையும்வரை எனக்கு மூச்சு சீராக வராது. அந்தத் துப்பட்டாவில் கிரீஸ் கறை போகவே இல்லை.

அப்புறம் மழைக்காலத்தில் உங்களுக்கு நோய் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து வண்டிக்குக் காற்றுப் பிடிக்கச் சொன்னீர்கள். நான் சரிங்கக்கா என்றேன். அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது. வண்டி உங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது.

இன்று மத்தியானம் அது திரும்பி வந்தது. ஓட்டி வந்தது உங்கள் தம்பி. பக்கத்தில் அம்மா இல்லை, அவர் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார். நீங்கள் இருந்தவரை அம்மா அந்த வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை என்று தம்பி சொன்னார். பயமாம். நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டிருப்பீர்கள்!

தம்பி அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார். உள்ளே வெண்கல நிறச் சக்கரங்கள். உங்கள் போனில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். இப்போது அது நமக்கு வேண்டிய சின்ன அளவிலும் வருகிறது. தேடி வாங்கிவிட்டார். "அக்கா ஆசப்பட்டுச்சுங்க. வாங்கவே இல்ல. அது நெனப்பு நாள் வருது, அதுக்குள்ள மாட்டிடணும்," என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஆசையை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

சக்கரத்தில் குறை இருக்காதா என்று பார்த்தேன் அக்கா. இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாமே, அன்று நான் வேண்டாம் என்றதும் சரியாகிவிடுமே. ஒன்றும் இல்லை. எடை தாங்கும். வெளியே தள்ளி நிற்கவில்லை. நடு ஓட்டையின் இடைவெளியை அடைக்கிற வளையம் கச்சிதமாக உட்காருகிறது. பரோட்டா மாவுகூட வாங்கி வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரி.

மாட்டப் போகும்போதுதான் அம்மா கைப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். அதே எவர்சில்வர் கிண்ணம். காலையில் அரைத்த சந்தனம். லிப்டுக்கு அடியில் வந்து, சக்கரம் உட்காரும் முகத்தைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டு, சந்தனம் வைத்தார். கன்னத்தில் தடவுகிற மாதிரி வைத்தார். நான்கிலும். பாலு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, உள்ள வேணாம்மா. வெளிய வச்சுக்கலாம். உள்ள வச்சா போல்ட் லூசாயிரும்," என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அம்மா கோபப்படவில்லை. "பாப்பா, அவ இருக்கறப்பவும் ஆயுத பூசைக்கு இங்கதான வச்சீங்க? போட்டாகூட அனுப்பிச்சாளே. அப்ப ஒண்ணும் ஆவலயே. அந்தச் சந்தனந்தான் அவள இந்த வண்டியில காப்பாத்துச்சு. பாழாப்போன சீக்குக்குத்தான் நான் ஒண்ணும் அரைச்சுக் குடுக்கல," என்றார்.

இதற்கு நான் என்ன சொல்வேன் அக்கா?

நாளைக்கு அம்மா முதல்முறையாக அந்த வண்டியில் ஏறுகிறார். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் பூஜை. அங்கிருந்து அப்படியே தா.பழூரில் உங்கள் சித்தி வீடு. சாயங்காலம் தம்பி அதே வண்டியில் சென்னைக்குக் கிளம்புகிறார். எல்லாம் அதே அரியலூர் ரோடு, அதே லாரிகள். வேகத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை உங்கள் தம்பி. காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விடுகிற பொறுமை அவருக்கு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா உட்காரும் பக்கம்தான் அன்று தளர்ந்த முன்சக்கரம்.

பொய் சொன்னேன். "வளையம் ஒண்ணு சரியா உக்காரல, காலைல மாட்டிக்கலாம்," என்றேன். முதலாளி முறைத்தார். தம்பிக்கு முகம் சுருங்கியது. அம்மா மட்டும், "சரி, காலைல நானே வந்து மொதச் சக்கரத்துக்குக் கை குடுக்குறேன்," என்று கிண்ணத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அது இப்போது என் முன்னால்தான் இருக்கிறது.

பாலு அண்ணன் போகும்போது, "இப்பவே தொடச்சு வுட்ரு. பல்லி நக்கிருச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றார்.

"ஏண்ணே, நாலு சக்கரத்துக்கும் நாலு பல்லியா?"

"அப்ப மாட்டி அனுப்பு. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்தா மறுபடி டைட் வச்சிரலாம்."

"அவங்க திரும்பி வர மாட்டாங்கண்ணே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். வழக்கம்போல மாட்டி, நான் ரெஞ்ச் போட்டால் டிக் என்றுதான் சொல்லும். அந்த ஸ்பானருக்கு இறுக்கம்தான் தெரியும். நடுவில் சந்தனம் இருப்பது தெரியாது.

யாரும் இல்லாத இந்த நேரத்தில் துடைத்துவிடலாம்தான். துணியை எடுத்துக்கொண்டு லிப்ட் வரைக்கும் போனேன். முடியவில்லை. காலையில் வந்து பார்க்கிறபோது தான் வைத்த பொட்டு தானாக அழிந்திருந்தால், மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? தம்பிக்கும் ஏதோ ஆகப்போகிறது என்றுதான் நினைப்பார். அந்தப் பயத்தை அவர் மனசில் நான் வைக்க மாட்டேன். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. துடைப்பது அவர் கண் எதிரில்தான் நடக்க வேண்டும். ஏன் துடைக்கிறேன் என்று சொல்லித்தான் துடைக்க வேண்டும். நான் படித்த பிசிக்ஸைச் சொன்னால் கேட்க மாட்டார், இன்று கேட்கவில்லை. அவர் கேட்கக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது சோளக்கொல்லை ஓரத்தில் நடந்தது.

சொன்னால் அவர் என்ன ஆவார்? நீங்கள் சொன்னதுபோலவே ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டு, நாளைச் சாயங்காலம் தா.பழூரிலிருந்து ஒரு போன் வந்தால்? இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கான பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்துவிடும்.

கறை போகாத அந்தத் துப்பட்டாவைத்தான் நாளைக்குக் கொண்டுவரப் போகிறேன். துடைக்க வேறு துணி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அக்கா, இதைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன். அன்று என்னிடம் வாங்கிக்கொண்ட சத்தியத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இத்தனை நாள் காப்பாற்றிவிட்டேன், பாலு அண்ணனைக்கூட அம்மாவிடம் வாய் திறக்க விடவில்லை. நாளைக்கு ஒருநாள் மட்டும் அதை உடைக்க வேண்டும். மெதுவாகச் சொல்கிறேன். போல்ட் தளர்ந்ததைச் சொல்லுகிற அதே மூச்சில், நீங்கள் மண்ணில் உட்கார்ந்து சிரித்ததையும் சொல்கிறேன். அம்மா தெரிந்தால் தாங்க மாட்டார் என்பதுதான் உங்களுக்கு வந்த முதல் கவலை என்பதையும் சொல்கிறேன். துடைத்து முடித்துச் சக்கரங்களை மாட்டியதும் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்து, வெண்கலத்தின் மேல், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

சொல்லிவிடட்டுமா அக்கா?